காரணம் சொல்லாத கவிதை

1949 அக்டோபர் கடைசியில், போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறிய இரண்டு லித்துவேனியச் சகோதரர்கள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். மூத்தவர் யோனஸ் மேக்கஸ், வயது 26. இளையவர் அடோல்ஃபஸ். சிகாகோவில் அவர்களுக்கு வேலை ஏற்பாடாகியிருந்தது. நியூயார்க்கைப் பார்த்த பிறகு சிகாகோ போக மனம் வரவில்லை, புரூக்ளினிலேயே தங்கிவிட்டார்கள். சில வாரங்களுக்குள் கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் 16 மி.மீ. கேமராவை வாங்கினார்கள். அதன் பிறகு நடந்தது சினிமா வரலாறு. 1950-களின் நடுவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ‘ஃபிலிம் கல்ச்சர்’ இதழைத் தொடங்கினார்கள். 1958-லிருந்து ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் மூத்தவர் எழுதிய சினிமாப் பத்தி, பெரிய ஸ்டுடியோக்கள் சீண்டாத படங்களுக்குப் பார்வையாளர்களைத் தேடித் தந்தது. 1962-ல் சுயாதீனமாகப் படம் எடுப்பவர்களுக்கான கூட்டுறவு அமைப்பு, 1970-ல் ‘ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்’ என்ற ஆவணக் காப்பகம் என்று அவர் கைபட்டு உருவானவை பல. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எட்டு மணி நேரம் வெறித்துப் பார்க்கும் ஆண்டி வார்ஹாலின் படத்துக்குக் கேமராவை இயக்கியவரும் அவரே. அமெரிக்க மாற்று சினிமாவின் தகப்பன் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் லித்துவேனியாவில் கேட்டால் பதில் வேறு. அங்கே அவர் முதலில் கவிஞர். 1995-ல் அந்த நாட்டின் தேசியப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருடைய முதல் கவிதை நூலிலிருந்துதான் அவர்களுக்கு மேக்கஸ் தொடங்குகிறார்.

சினிமாக்காரர், கவிஞர் என்ற இந்த இரண்டு மேக்கஸ்களையும் இணைக்க ஒரு சுலபமான விளக்கம் புழக்கத்தில் இருக்கிறது. தாய்மொழி பேசுவோர் இல்லாத ஊருக்கு வந்துவிட்ட கவிஞன், சொல்லுக்குப் பதிலாகப் படத்தைக் கையில் எடுத்தான். பேனா போயிற்று, கேமரா வந்தது என்பது அந்த விளக்கம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. நியூயார்க்கில் குடியேறிய பிறகும் அவர் கவிதை எழுதுவதை நிறுத்தவில்லை. 1961-லும் 1967-லும் புதிய தொகுப்புகள் வந்தன. கட்டுரையும் நாட்குறிப்பும் ஆங்கிலத்துக்கு மாறின, கவிதை மட்டும் கடைசிவரை லித்துவேனிய மொழியிலேயே இருந்தது. ஆகவே ஒன்று செத்து இன்னொன்று பிறந்த கதை இது அல்ல. கவிதையில் அவர் கண்டுபிடித்த ஒரு முறை சினிமாவுக்கும் போனது என்பதே சரியாக இருக்கும். கண்டதை வரிசையாக வைப்பது, அதற்குக் காரணமோ விளக்கமோ சொல்லாமல் விடுவது: அந்த முறை இதுதான். அவருடைய தன்வரலாற்றின் அழகும் தத்துவத்தின் வலுவும் இந்த முறையிலிருந்து வருகின்றன. அவர்மீது எழுந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டும் இதே முறையிலிருந்துதான் வருகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லித்துவேனியாவின் வடக்கே, பிர்ஜாய் நகரத்தின் சுற்றுவட்டாரத்தில், செமெனிஷ்கியாய் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1922 டிசம்பரில் பிறந்தார். 1940-ல் சோவியத் படை வந்தது, 1941-ல் ஜெர்மன் படை வந்தது, 1944-ல் மறுபடியும் சோவியத் படை நெருங்கியது. ஜெர்மானியருக்கு எதிரான ரகசியச் செய்தித்தாளுக்குத் தான் தட்டச்சு செய்துகொடுத்ததாகவும், விறகுக் குவியலில் ஒளித்து வைத்திருந்த தட்டச்சுப்பொறி திருட்டுப் போனதால் பிடிபடும் பயத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். சகோதரர்கள் இருவரும் வியன்னாவில் படிக்கப் போவதாகச் சொல்லி ரயிலேறினார்கள். ரயில் ஹாம்பர்க் பக்கம் திருப்பப்பட்டது. எல்ம்ஸ்ஹார்ன் ஊரில் கட்டாய உழைப்பு முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். போர் முடியும் தறுவாயில் தப்பி, டென்மார்க் எல்லையை ஒட்டிய ஒரு பண்ணையில் ஒளிந்திருந்தார்கள். பிறகு வீஸ்பாடன், காசல் என்று அகதி முகாம்கள். அந்த முகாம் வாழ்க்கைக்கு நடுவிலேயே 1946 முதல் 1948 வரை மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் மேக்கஸ் தத்துவம் படித்தார். 1948-ல் காசலில் அவருடைய முதல் கவிதை நூல் அச்சானது. பிறந்த ஊரின் பெயர் நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. தமிழில் ‘செமெனிஷ்கியாய் ஊர்ப்பாடல்கள்’ என்று சொல்லலாம்.

நாடு போன, வீடு போன, நாளை எந்தக் கண்டத்தில் விடியும் என்று தெரியாத ஒரு இளைஞன் முகாமில் உட்கார்ந்து எழுதிய நூலில் நாம் எதை எதிர்பார்ப்போம்? குண்டு, பசி, பிரிவு, பழி இவற்றைத்தானே? இந்த நூலில் அவை இல்லை. மழை இருக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டும் நாட்கள் இருக்கின்றன. இலையுதிர் காலத்து ஈர வயலில் மாடு மேய்ப்பவர்கள் மூட்டும் நெருப்பு, பனிக்காலத்தில் சறுக்குவண்டிகள் ஓடும் முடிவில்லாத பாதை, காட்டிலிருந்து மரம் இழுத்து வருதல், மறுநாள் சந்தைக்குப் போக முந்தின நாளே ஏற்றி வைத்த வண்டிகள் இருக்கின்றன. வரிகள் நீளமானவை, மூச்சு வாங்காமல் அடுத்த பொருளுக்குப் போகின்றன. ‘நான்’ என்ற குரல் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறது; பெரும்பாலும் ஊரே கூடிப் பேசுவதுபோல் இருக்கிறது. ‘என் மனம் வலிக்கிறது’ என்று ஒரு இடத்திலும் கவிஞர் நம் கையைப் பிடித்துச் சொல்வதில்லை. வலி இருப்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் இவ்வளவு நுணுக்கமாக ஒரு உழவனின் ஆண்டை நினைவில் வைத்து எழுதுபவனிடம் அந்த ஆண்டு இப்போது இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியமாகப் படாது. நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள், மனிதர் மனத்தில் நடப்பது உரிப்பொருள் என்று நம் அகப்பாட்டு இலக்கணம் வகுத்தது. தலைவன், தலைவி பெயர் சொல்லக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. பெயரில்லாத ஒருத்தியின் துயரத்தை நெய்தல் நிலத்தில் பொழுது சாயும் நேரம் சுமந்துவிடும். மேக்கஸ் சங்கப் பாடல்களை அறிந்திருந்தார் என்று சொல்ல வரவில்லை. தன்வரலாற்றுக் கவிதை என்றதும் ‘நான் பிறந்தேன், நான் பட்டேன்’ என்ற வாக்குமூலத்தை மட்டுமே எதிர்பார்க்கும் பழக்கம் நவீன வாசிப்பில் படிந்துபோயிருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலும் கருவும் சொன்னால் உரி தானே வரும் என்ற எண்ணத்தோடு படித்தால் இந்த நூல் சட்டென்று திறந்துகொள்ளும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கிராமத்தை அழகாக்கிப் பாடுவது ஐரோப்பாவில் கிரேக்கக் காலத்திலிருந்து வரும் பழக்கம். ஆடு மேய்ப்பவன் குழல் ஊதுவான், வியர்க்க மாட்டான். ஊரைப் பிரிந்தவர்கள் ஊரைப் பொற்காலமாக்குவதும் உலகெங்கும் நடப்பதுதான். மேக்கஸும் அதைத்தானே செய்தார்? பாதி சரி. நூலின் லித்துவேனியத் தலைப்பே அந்தக் கிரேக்க வகையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் உள்ளே போனால் குழல் ஊதுபவர்கள் இல்லை, வேலை செய்பவர்கள்தான் இருக்கிறார்கள். சேறு, கல் நிறைந்த தரிசு, மழையில் கரைந்த பாதை, அதைச் செப்பனிடும் ஆட்கள் என்று வருகிறது. அழகு என்பது அந்த வேலையின் ஒழுங்கில் தானாக வருவது, தனியாகப் பூசியது அல்ல. இதே லித்துவேனிய மண்ணில் பிறந்து போலிஷ் மொழியில் எழுதி நோபல் பரிசு பெற்ற செஸ்லாவ் மிலோஷ் இந்தக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார். மிலோஷ் வெறும் ஏக்கத்துக்கு மயங்குகிற ஆள் இல்லை. வைட் பகைதிஸ் மொழிபெயர்த்து 1996-ல் வந்த அந்த நூலின் பெயர், இத்தாக்கா என்று ஒரு இடம் இல்லை என்று அறிவிக்கிறது. இருபது ஆண்டு ஊரைப் பிரிந்திருந்த கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸஸுக்குத் திரும்பிப் போகச் சொந்த ஊரான இத்தாக்கா இருந்தது, இவருக்கு அதுவும் கிடையாது. திரும்பப் போக முடியும் என்று நம்புகிறவன்தான் ஊரைச் சொர்க்கமாக்குவான். இவர் எழுதுவது ஒருவகைக் கணக்கெடுப்பு, போனதில் என்னென்ன இருந்தன என்று.

நியூயார்க் வந்த பிறகு கவிதையின் உருவம் தலைகீழாக மாறுகிறது. நீண்ட வரிகள் மறைகின்றன. 1967 தொகுப்பின் பெயரே தனித்தனிச் சொற்கள் என்று பொருள்படும். பக்கத்தின் நடுவே ஒரு வரிக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு, மெல்லிய நூல்போல் கீழே இறங்குகிறது கவிதை. கண் ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் கடக்க வேண்டும். மொழி வற்றிப்போனதற்கு இதுவே சாட்சி என்று சொல்பவர்கள் உண்டு. அதே ஆண்டுகளில் அவர் கேமராவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். போலெக்ஸ் கேமராவுக்கு மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்து முடுக்க வேண்டும். ஒருமுறை முழுதாக முடுக்கினால் அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். நூறு அடிச் சுருள் முழுவதும் ஓடினாலும் மூன்று நிமிடம் தேறாது. ஆனால் அந்தச் சுருளில் நாலாயிரம் தனிப் படங்கள் இருக்கின்றன, விரும்பினால் ஒரு விசையை அழுத்தி ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்த வசதி அனிமேஷனுக்குத்தான் தேவைப்பட்டது. மேக்கஸ் அதைத் தெருவுக்குக் கொண்டுபோனார். ஒரு மரக்கிளையை மூன்று படம், ஒரு நண்பரின் முகத்தை ஐந்து படம், மறுபடி கிளை என்று கேமராவுக்குள்ளேயே தொகுத்துக்கொண்டு போனார். திரையில் அது நடுங்குகிறது, துள்ளுகிறது, சில பொருட்கள் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகப்படுமளவு வேகமாகக் கடக்கின்றன. ஒரு வரிக்கு ஒரு சொல், ஒரு சொடுக்குக்கு ஒரு படம். சொற்களும் படங்களும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக உடைந்தன. செமெனிஷ்கியாயின் நீண்ட வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட ஆண்டு இருந்தது: விதைப்பு, அறுப்பு, பனி. நகரத்தில் ஒரு குடியேறிக்கு அப்படித் தொடர்ச்சியான காலம் கிடைப்பதில்லை. கிடைத்தது துண்டு நேரம். அவர் துண்டுக்கு ஏற்ற வடிவத்தைச் செய்துகொண்டார்.

இரண்டு கலைகளும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு 1972-ல் வந்த ‘லித்துவேனியப் பயண நினைவுகள்’ படத்தைவிட நல்ல சான்று இல்லை. அதே ஆண்டில் அதே தலைப்புச் சொல்லோடு ஒரு கவிதைத் தொகுப்பும் வந்தது. 1971-ல், ஊரைவிட்டுப் போய் 27 ஆண்டு கழித்து, சோவியத் அரசு அனுமதித்ததால் அவர் செமெனிஷ்கியாய்க்குப் போனார். படத்தின் நடுப்பகுதி அந்தப் பயணம், எண் போட்டு அடுக்கிய சின்னச் சின்னக் காட்சிகளாக வருகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார். காட்டுப் பழம் பறிக்கிறார்கள். சகோதரர்கள் பழைய விவசாயக் கருவிகளைப் பிடித்து விளையாட்டாக வேலை செய்துகாட்டுகிறார்கள். கூட்டுப்பண்ணைக் காலம் அது. அரசியல் பேச எவ்வளவோ இருந்தது. அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் அதற்கு அவர் இடம் தரவில்லை. பிறகு எல்ம்ஸ்ஹார்ன் வருகிறது. முகாம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது, அங்கே அப்படி ஒன்று இருந்ததே ஊரில் யாருக்கும் நினைவில்லை, சிறுவர்கள் கேமராவுக்கு முன்னால் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். கட்டாய உழைப்பு முகாமைப் பற்றி ஒரு முன்னாள் கைதி எடுத்த காட்சி இவ்வளவுதான். கோபப்படுவார் என்று காத்திருக்கும் பார்வையாளர் ஏமாந்துபோவார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2006-ல் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

தத்துவம் படித்தவர் என்றேன். அவருடைய கவிதையிலும் படத்திலும் கொள்கை விளக்கம் தேடினால் கிடைக்காது. ஆனால் ஒரு தெளிவான நிலைப்பாடு இருக்கிறது. நினைவு என்பது இல்லாத ஒன்றைப் பற்றியது, நான் காட்டுவதோ இதோ இருப்பது, கேமரா முன்னால் இருந்தது எல்லாம் அந்தக் கணத்தில் உண்மையாக இருந்தது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. 2000-ல், தன் 77-ஆம் வயதில், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும் ஒரு படத்தை முடித்தார். மனைவி, குழந்தைகள், நண்பர்கள், பூனை, சென்ட்ரல் பார்க், மதியச் சாப்பாடு என முப்பது ஆண்டுத் துண்டுகள் அதில் இருக்கின்றன. காலவரிசைப்படி அடுக்கப் பார்த்து, முடியாமல், கைக்குக் கிடைத்த வரிசையிலேயே ஒட்டிவிட்டதாகப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். இந்தப் படத்தில் ஒன்றும் நடக்காது என்று எழுத்து வேறு போடுகிறார். இதைக் குறும்பு என்று தள்ளிவிடக் கூடாது. கதை என்றால் காரணம் வேண்டும்: இது நடந்ததால் அது நடந்தது. அவருடைய இளமையில் நடந்த எல்லாவற்றுக்கும் யாரோ ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சோவியத் படைக்கு ஒரு காரணம், ஜெர்மன் படைக்கு ஒரு காரணம். காரணங்களைச் சுமந்து வந்தவர்கள் ஊரை அழித்தார்கள். காரணமே இல்லாத ஒரு மதியச் சாப்பாட்டை உலகத்தின் நடுவில் வைப்பது அந்த அனுபவத்திலிருந்து வந்த முடிவு. ஏட்டுத் தத்துவமாக இல்லாவிட்டாலும், பட்டுத் தேறிய தத்துவம் என்ற அளவில் இதற்கு மதிப்பு உண்டு.

இங்கே இன்றைய வாசகர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டையும் பூனையையும் எடுக்க இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் எடுத்துப் போடுகிறார்கள். மேக்கஸ் செய்தது மட்டும் எப்படிக் கவிதை? எடுப்பதற்கும் தொகுப்பதற்கும் நடுவே அவர் விட்ட இடைவெளியில் இருக்கிறது விடை. 1949-ல் எடுத்த சுருளை அவர் 1976-ல்தான் ‘லாஸ்ட், லாஸ்ட், லாஸ்ட்’ படமாகத் தொகுத்தார். புரூக்ளினில் லித்துவேனியக் குடியேறிகள் பூங்காவில் கூடிப் பாடும் காட்சியை எடுத்தவன் தனியனான ஒரு இளைஞன், அதன்மேல் பேசும் குரலோ ஐம்பதைத் தாண்டிய ஒருவருடையது. அந்தக் குரல் காட்சியை விளக்குவதில்லை. தயங்குகிறது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்கிறது, யுலிஸஸை அழைக்கிறது. படத்தில் இருப்பவனுக்குத் தெரியாதது குரலுக்குத் தெரியும், குரலுக்கு இப்போது இல்லாதது படத்தில் இருக்கிறது. எடுத்த நிமிடமே ஏற்றிவிடும் காணொளியில் இந்த இரண்டு ஆட்கள் இருக்க வாய்ப்பில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2007-ல், 84 வயதில், தினம் ஒரு குறும்படம் என்று ஓர் ஆண்டு முழுவதும் இணையத்தில் வெளியிட்டவரும் இவர்தான். போன் தலைமுறையை அவர் கேலி செய்யவில்லை. அந்த 365 படங்கள் பழைய படங்களுக்கு ஈடாகுமா என்றால், ஆகாது என்பதே என் கணிப்பு. இடைவெளி இல்லாதபோது அவருக்கும் கவிதை மெலிகிறது.

கடினமான மறுப்பு இனிமேல்தான். 2018-ல் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில் மைக்கேல் காஸ்பர் என்ற வரலாற்றாய்வாளர் மேக்கஸின் போர்க்கால ஆண்டுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1941 ஆகஸ்டில் பிர்ஜாய் நகரத்தின் யூதர்கள், சுமார் 2,400 பேர், குழந்தைகள் உட்பட, ஊருக்கு வெளியே காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையில் ஜெர்மானியரோடு உள்ளூர் லித்துவேனியர்களும் பங்கேற்றார்கள். அப்போது மேக்கஸுக்கு 18 வயது. ஆக்கிரமிப்புக் காலத்தில் பிர்ஜாயிலும் பின்னர் பானெவெஜிஸிலும் வெளியான இதழ்களில் அவர் பணியாற்றினார். அந்த இதழ்களில் நாஜி ஆதரவுப் பிரசாரமும் யூத வெறுப்பும் வந்தன. மேக்கஸ் தாமே அப்படி எழுதியதாகக் காஸ்பர் சொல்லவில்லை. மேக்கஸ் எழுதியவை இலக்கியம் சார்ந்தவை. கேள்வி வேறு: இவ்வளவு நினைவாற்றல் உள்ள மனிதர், மழைத்துளியையும் மறக்காதவர், பக்கத்து நகரத்தின் ஒரு பகுதி மக்கள் ஒரே மாதத்தில் இல்லாமல் போனதை ஏன் தன் தன்வரலாற்றில் எழுதவில்லை? கட்டுரை வெளிவந்தபோது மேக்கஸ் உயிரோடிருந்தார், 95 வயது. அவரை அறிந்தவர்கள் பலர் கொதித்தார்கள். கவிஞனிடம் வரலாற்றுப் பேராசிரியரின் பதிலைக் கேட்கலாமா, பதினெட்டு வயதுக் கிராமத்துப் பையன் என்ன செய்திருக்க முடியும் என்றெல்லாம் வாதம் நடந்தது.

அந்த வாதங்கள் பொய் அல்ல, ஆனால் கேள்வியைத் தொடவில்லை. பையன் என்ன செய்திருக்க முடியும் என்பதல்ல இங்கே பிரச்சினை. கவிஞர் எதை எழுதினார் என்பதே. இதில் மிலோஷை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. 1943-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்த வார்சாவில் மிலோஷ் இரண்டு வகைக் கவிதைகளை எழுதினார். ஒன்று ‘உலகம்’ என்ற வரிசை: ஒரு குழந்தையின் கண்ணால் வீடு, மாடிப்படி, தோட்டம், அப்பா, அம்மா. மேக்கஸின் ஊர்ப்பாடல்களைப் போலவே போர் நுழையாத உலகம். அதே ஆண்டில் ‘காம்போ தே ஃபியோரி’ என்ற கவிதையையும் எழுதினார். மதில் சூழ யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோ எரிந்துகொண்டிருந்தபோது, மதிலுக்கு இந்தப் பக்கம் ராட்டினத்தில் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்த மக்களைப் பற்றியது அது. ஆக, துயர காலத்தில் அழகான வீட்டைப் பாடுவது குற்றம் இல்லை. மிலோஷ் அதைச் செய்தார், செய்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எரிவதையும் பக்கத்தில் வைத்தார். செமெனிஷ்கியாய் நூலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நூலை மேக்கஸ் வைக்கவில்லை. காரணம் சொல்லாமல் கண்டதை மட்டும் வைப்பது என்ற முறைக்கு இங்கே எல்லை வந்துவிடுகிறது. ஒரு உழவனின் ஆண்டைக் காரணமில்லாமல் சொல்லலாம். மழைக்குக் காரணம் கேட்பவர் இல்லை. ஒரு கொலையைக் காரணமில்லாமல் சொல்ல முடியாது, யார் செய்தார்கள் என்று சொல்லாமலும் முடியாது. கண்டவை மட்டுமே பேசும் கவிதையில், காணாததும் காண விரும்பாததும் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய வாசகருக்கு வழி இல்லை. எல்ம்ஸ்ஹார்னில் யாருக்கும் முகாம் நினைவில்லை என்று காட்டிய அதே கலைஞருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இதனால் அந்தக் கவிதைகள் தோற்றுவிட்டன என்று முடிவு கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாட்சியம் என்று எடுத்துக்கொண்டால் அவை குறையுள்ளவை. ஒரு காலத்தின் முழு வரலாறாக அவற்றை வாசிக்கும்படி விளம்பரம் செய்தவர்களிடம்தான் தவறு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் மனசாட்சி என்ற அளவுக்குப் புகழ்ந்தவர்கள் உண்டு. அப்படி ஒரு பட்டத்தை அந்தக் கவிதைகள் தாங்காது. ஆனால் ஒரு உழைப்பாளி ஊரின் ஆண்டுச் சுழற்சியை, நிலம் பிரிந்த ஒருவனின் கண்ணுக்கு அது எப்படித் துல்லியப்படுகிறது என்பதை, நீண்ட வரி எப்படி ஒற்றைச் சொல்லாகச் சிதறுகிறது என்பதை இவற்றைவிட நன்றாகச் சொல்லும் எழுத்து ஐரோப்பிய அகதிகளின் தலைமுறையில் அதிகம் இல்லை. படமெடுப்பவர்கள் பொழுதுபோக்காகக் கவிதை எழுதுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, கவிதையின் இலக்கணத்திலிருந்து தன் சினிமாவையே செய்துகொண்ட ஒருவரைப் பார்ப்பதும் பயனுள்ளது.

மேக்கஸ் 2019 ஜனவரி 23-ல் நியூயார்க்கில் காலமானார், வயது 96. அவரை முதல்முறையாக அணுகுபவர்கள் ஐந்து மணி நேரப் படத்தில் தொடங்கிச் சோர்ந்துபோக வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் லித்துவேனியப் பயணப் படத்தை முதலில் பாருங்கள், பிறகு 1948 ஊர்ப்பாடல்களை ஆங்கிலத்திலாவது படியுங்கள், அதன் பிறகு காஸ்பரின் கட்டுரையையும் தவறாமல் படியுங்கள். மூன்றையும் முடித்தவர்கள் அவரைக் கும்பிடவும் மாட்டார்கள், தூக்கி எறியவும் மாட்டார்கள்.